காபரேட்டர் ஸ்க்ரூ எத்தனை சுற்று? ரிச்சா லீனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஓடுகிற 100 சிசி மோட்டார் சைக்கிள். காபரேட்டரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகத்தை) கழற்றிக் கழுவிப் பூட்டிய பிறகு புது ஸ்பார்க் பிளக்கும் ஒரு கிழமைக்குள் கறுத்துப் போகிறது. அக்சிலேட்டரை அரைவாசிக்கு முறுக்கினால் இழுவை மந்தமாகி விட்டு விட்டு ஓடுகிறது. முன்பு லீற்றருக்கு 60 கிலோமீற்றர் தந்த வண்டி இப்போது 40ஐத் தாண்டுவதில்லை. ஒரு கராஜில் காபரேட்டரின் கலவை ஸ்க்ரூவை இறுக்கச் சொன்னார்கள், இன்னொரு கராஜில் திறக்கச் சொன்னார்கள். ஆகவே "சரியாக எத்தனை சுற்று?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த எண் உங்கள் வண்டியின் வருத்தத்தைத் தீர்க்காது. அந்த ஸ்க்ரூ வேலை செய்கிற இடம் வேறு, உங்கள் வண்டி குழறுகிற இடம் வேறு. எந்த முறுக்கில் பிழைக்கிறது, அங்கே பெற்றோல் கூடவா குறையவா, எதனால் என்ற மூன்றையும் வண்டியிடமே கேட்டு அறிவதுதான் இப்போது உங்களுக்குத் தேவை.

நான் கல்முனையில் கராஜ் வேலை பார்ப்பவன். தொழிற்பயிற்சியில் படித்தது கொஞ்சம், மிச்சம் பழைய ஜப்பான் 90, 125 வண்டிகளிலும் பிறகு வந்த இந்திய 100 சிசி வண்டிகளிலும் கை வைத்துப் பழகியது. புதிதாக வருகிற வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தான், காபரேட்டரே கிடையாது. ஆனால் 2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் நம் பக்கத்தில் வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓடுவதில் பாதிக்கு மேல் பழைய காபரேட்டர் வண்டிகள் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. இதே கேள்வி கராஜுக்கும் அடிக்கடி வரும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எடையில் சொன்னால் இதன் பெரிய அளவு புலப்படாது. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு காற்றும் உங்கள் ஏர் கிளீனர் வழியாகத்தான் உள்ளே போகிறது. நல்ல இழுவை வேண்டுமானால் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெற்றோல் கூட வேண்டும், 12.5க்கும் 13க்கும் இடையில். சிக்கனமாக ஒரே வேகத்தில் ஓடும்போது 15, 16 வரைக்கும் காற்றைக் கூட்டலாம். ஆகவே "சரியான அளவு" என்பது ஒரு புள்ளி கிடையாது. ரிச் என்றால் அந்த நேரத்துக்குத் தேவையானதைவிடப் பெற்றோல் கூட, லீன் என்றால் காற்று கூட. ஒரே காபரேட்டர் ஸ்லோவில் (முறுக்காமல் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது) லீனாகவும் அரை முறுக்கில் ரிச்சாகவும் இருக்கலாம். இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

காபரேட்டருக்குள் பெற்றோல் வருகிற வழி ஒன்றல்ல. அக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும் எட்டில் ஒரு பங்கு திறந்திருக்கும்போதும் பைலட் ஜெட்டும் (ஜெட் என்பது பெற்றோலை அளந்து விடுகிற சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) நீங்கள் சொல்கிற ஸ்க்ரூவும்தான் ஆட்சி. அதற்கு மேல் கால்வாசி வரை அக்சிலேட்டரை முறுக்க மேலே ஏறுகிற ஸ்லைடின் அடியில் சரித்து வெட்டியிருக்கிற வெட்டு. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை ஸ்லைடில் தொங்குகிற நீடில் என்ற ஊசியும் அது இறங்குகிற நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் முழுதாக முறுக்கினால் மெயின் ஜெட். எல்லைகள் கத்தியால் வெட்டியது அல்ல, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஆனாலும் அரை முறுக்கில் வருகிற குழறலை ஸ்க்ரூவால் திருத்த முடியாது என்பது உறுதி. நம் ரோட்டில் 40, 45 வேகத்தில் ஓடும் 100 சிசி வண்டி பெரும்பாலும் கால்வாசிக்கும் அரைவாசிக்கும் நடுவில்தான் நிற்கும். உங்கள் பெற்றோல் போவதும் அந்த இடத்தில்தான்.

அப்புறம், இரண்டு கராஜும் எதிரும் புதிருமாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கலாம். ஸ்க்ரூவில் இரண்டு வகை உண்டு. ஸ்லைடுக்கு ஏர் கிளீனர் பக்கமாக ஸ்க்ரூ இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது: வெளியே திறந்தால் லீன், உள்ளே இறுக்கினால் ரிச். ஸ்லைடுக்கு எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெற்றோல் கலவையைக் கட்டுப்படுத்துவது: வெளியே திறந்தால் ரிச், உள்ளே இறுக்கினால் லீன். இரண்டும் நேர் எதிர். ஒருவர் பழகியது ஒரு வகை, மற்றவர் பழகியது மற்ற வகை என்றால் இரண்டு பேரும் தங்கள் பழக்கத்தில் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டியில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். பெரிய தலையுள்ள, ஸ்பிரிங் போட்ட மற்றொரு ஸ்க்ரூ ஸ்லைடைத் தூக்கி ஸ்லோவை மட்டும் கூட்டிக் குறைப்பது. அதையும் இதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

சரி, ரிச்சா லீனா என்று எப்படி அறிவது? மீற்றர் எதுவும் தேவையில்லை, நம்பத்தகுந்த இரண்டு சோதனைகள் உண்டு. முதலில் அக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒரு துண்டு சுற்றி, பக்கத்து சுவிட்ச் பெட்டியிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். மூடியிருக்கும்போது இரண்டிலும் நேராகப் பேனையால் ஒரு கோடு. முழுதாக முறுக்கிப் பிடித்து இன்னொரு கோடு. நடுவைப் பிரித்துக் கால், அரை, முக்கால் என்று குறித்துவிடுங்கள். இனி "அரைவாசியில்" என்று நீங்கள் சொல்வது ஊகமாக இருக்காது. ஓடிப் பார்த்தால், நீங்கள் அரைவாசி என்று நினைத்தது உண்மையில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே என்று தெரியவந்தாலும் வரலாம். பலருக்கு அப்படித்தான் வரும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு வண்டியை நிறுத்தி, சோக்கை (குளிரில் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோலைக் கூட்டுகிற பிடி) பாதியளவு இழுத்து விட்டு, மூன்றாம் கியரில் அந்தக் குறியில் பிடித்து ஓடிப் பாருங்கள். ஓடிக்கொண்டே குனிந்து சோக்கை இழுக்க வேண்டாம். நிறுத்தி இழுத்துவிட்டுப் புறப்பட்டால் போதும். குழறல் குறைந்து வண்டி சீராக இழுத்தால் அந்த இடத்தில் அது லீன், ஏனென்றால் நீங்கள் பெற்றோலைக் கூட்டியதும் அதற்குப் பிடித்திருக்கிறது. இன்னும் மோசமாகி மூச்சு முட்டினால் ரிச். அடுத்தது இதன் மறுபக்கம்: சோக்கைத் திரும்ப மூடி, பெற்றோல் டேப்பை அடைத்துவிட்டு ஆளில்லாத வயல் ரோட்டில் அதே குறியில் ஓடுங்கள். காபரேட்டரின் அடிக் கிண்ணமான பவுலில் இருக்கிற பெற்றோலில் ஐந்நூறு மீற்றரிலிருந்து ஒரு கிலோமீற்றர் வரை ஓடும். மட்டம் இறங்க இறங்கக் கலவை லீனாகும். நிற்பதற்குச் சற்று முன்பு வண்டி திடீரென்று உசாராகி இழுத்தால் அதுவரை அது ரிச்சாக ஓடியிருக்கிறது. இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொன்னால் அதை நம்பலாம். எஞ்சின் ஓடும்போது தானாகவே திறக்கிற வாக்கும் டேப் உள்ள சில வண்டிகளில் இரண்டாவது சோதனை செய்ய முடியாது, முதலாவது போதும்.

காதுக்கும் கைக்கும் தெரிகிற குணங்களும் உண்டு. ரிச்சான வண்டி காலையில் குளிரில் நன்றாக ஓடி, சூடேறச் சூடேற மந்தமாகும். சைலன்சரில் பெற்றோல் வாடை வரும், கறுப்புப் புகை வரும், சத்தம் கனத்துத் தடித்துக் கேட்கும். லீனான வண்டி அதற்கு எதிர்மாறு: காலையில் சோக் இல்லாமல் நிற்காது, வெகுநேரம் சோக் கேட்கும், ஒரே முறுக்கில் பிடித்தாலும் வேகம் ஏறி இறங்கும், முறுக்கியதும் ஒரு நொடி வெறுமையாகி அப்புறம் இழுக்கும். முறுக்கிவிட்டு விடும்போது ஸ்லோ உடனே இறங்காமல் மேலேயே தொங்கி நின்றால் லீன் என்று நினைக்கலாம். ஸ்லோவுக்கும் கீழே விழுந்து அப்புறம் ஏறி நின்றால் ரிச் என்று நினைக்கலாம். நினைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கேபிள் இறுகியிருந்தாலும் ஸ்லைடில் ஊத்தை பிடித்திருந்தாலும் ஸ்லோ தொங்கும்.

இப்போது பிளக். நீங்கள் இதை வைத்துத்தான் ரிச் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். பிளக் சாட்சி சொல்லும், ஆனால் அது ஒரே சாட்சியாக இருக்கக்கூடாது. கழற்றிய பிளக்கின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். விளக்குக் கரி போல உலர்ந்து தூளாக ஒட்டினால் அது பெற்றோல் கரி. பசையாக, மினுக்கமாக ஒட்டினால் அது ஒயில், பிஸ்டன் றிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்த வண்டி, அதற்குக் காபரேட்டரைத் திருகிப் பிரயோசனம் இல்லை. நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கான் இளம் மண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நல்லது. சுண்ணாம்பாக வெளுத்து, பொரிப்பொரியாக இருந்தால் லீன் அல்லது அதிக சூடு. பழைய ஆட்கள் "தேங்காய்ச் சிரட்டை நிறம் வரவேண்டும்" என்று சொல்வது ஈயம் கலந்த பெற்றோல் காலத்துக்குச் சரி. 2002க்குப் பிறகு இங்கே ஈயம் கலந்த பெற்றோல் இல்லை, இப்போதைய பெற்றோலில் அந்தக் கடும் மண்ணிறம் பெரும்பாலும் வராது. அதை வரவைக்க வேண்டும் என்று பெற்றோலைக் கூட்டினால் வீண் செலவு.

இன்னொரு விடயம், பிளக் காட்டுவது எந்த முறுக்கின் நிறம்? கடைசியாக எப்படி ஓடினீர்களோ அதன் நிறம். சந்திக்குச் சந்தி நின்று, வீட்டு வாசலில் ஸ்லோவில் விட்டு, அப்புறம் கழற்றினால் அது ஸ்லோவின் கரியைத்தான் காட்டும். அரை முறுக்கின் நிறம் வேண்டுமானால் புது பிளக் ஒன்றைப் போட்டு, அதே குறியில் ஓரிரு கிலோமீற்றர் தொடர்ந்து ஓடி, கிளச்சைப் பிடித்து அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தி, ஓரமாக உருட்டிக்கொண்டு வந்து கழற்றிப் பாருங்கள். பிளக் சுட்டுவிடும், துணி கொண்டுபோங்கள். இவ்வளவு செய்தும் கரிதான் என்றால், பிளக்கில் நெருப்புப் பொறி பலமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளக் தொப்பி, கொயில், பிளக் இடைவெளி இவற்றில் எது பழுதானாலும் சரியான கலவையும் அரைகுறையாக எரிந்து கரிதான் தரும். பெரும்பாலான 100, 125 வண்டிகளுக்கு இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். கடையில் கொடுத்த பிளக் உங்கள் வண்டிக்குரிய நம்பர்தானா என்றும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் நம்பர் கூடக்கூட அது குளிர்ந்த பிளக். தேவைக்கு மேல் குளிர்ந்ததைப் போட்டால் தன் கரியைத் தானே எரிக்கும் சூட்டுக்கு அது வராது.

முறுக்கை விடும்போது சைலன்சரில் வருகிற பட்பட் சத்தத்தை எல்லாரும் லீன் என்பார்கள். ஸ்லோ பகுதி லீனாக இருந்தாலும் அது வரும், சைலன்சர் பெண்ட் எஞ்சினில் பூட்டுகிற இடத்து வளையம் பழுதாகி வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் வரும். அந்த வளையம் விலை குறைந்த சாமான், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். பெண்ட் நீலமாவதும் அப்படித்தான், அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

காபரேட்டரைத் தொடுவதற்கு முன்பு வெளியே பார்க்க வேண்டியவை சில. ஏர் கிளீனரில் தொடங்குங்கள். மேலே சொன்ன 9,000 லீற்றரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்போக அறுவடை நடக்கிற மாசி, பங்குனியில் வெட்டு மெசின் கிளப்புகிற தூசும் உமியும், ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் எழும்புகிற புழுதியும் ஒரு ஏர் கிளீனரை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்பதைப் படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கமும் வண்டி ஓடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடைந்தால் வண்டி எல்லா முறுக்கிலும் ரிச்சாகும். ஸ்பொஞ்ச் என்றால் கழுவிக் காயவைத்து ஒயில் தடவிப் பிழிந்து போடலாம், கடதாசி என்றால் மாற்றுவதுதான் வழி. கடதாசியை உட்பக்கமிருந்து காற்றடித்துத் தட்டுவது ஓரிரு தடவைக்குச் சரி. தற்காலிகமாகக் கழற்றிவிட்டு ஓடிப்பார்ப்பது சோதனைக்கு நல்லது, ஆனால் அப்படியே ஓடித்திரிந்தால் உள்ளே போகிற மணல் றிங்கைத் தின்றுவிடும்.

அடுத்தது டெப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்துகிற கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. நூறு சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றருக்குள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, உங்கள் மொடலுக்கு உரிய அளவுக்குப் பிடிக்க வேண்டும். டெப்பட் இறுகிய வண்டியை எந்தக் காபரேட்டராலும் சீராக ஓட வைக்க முடியாது. காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள மெனிபோல்ட் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, ஓ-றிங் நசிந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஸ்லோவில் ஓடும்போது அந்த இடத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று உறிஞ்சுகிறது, அது லீன். சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது நெருப்புப் பிடிக்கும், செய்யவே வேண்டாம்.

பெற்றோலையும் பாருங்கள். பவுலின் அடியில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் திறந்து வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் சரித்தால், தண்ணீர் இருந்தால் அடியில் குண்டுகுண்டாக உருண்டு ஓடும். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு இதை அடிக்கடி காண்கிறோம், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர் நம்முடையது. தண்ணீர் நின்ற பவுலில் அலுமினியம் உக்கி வெள்ளைத் தூள் பிடிக்கும். அது போய்ப் பைலட் ஜெட்டில் நிற்கும். அதே ஜெட்டை அடைக்கிற இன்னொன்று, கேனில் மாதக்கணக்கில் வைத்த பெற்றோல். 2022 தட்டுப்பாட்டில் பங்கீட்டுக் கியூஆர் குறியீட்டுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தபோது சேர்த்து வைத்த பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பழைய பெற்றோல் பிசின் விடும். பைலட் ஜெட் அடைத்தால் ஸ்லோ லீன், காலையில் ஸ்டார்ட் ஆகாது. அது உங்கள் வருத்தம் அல்ல, ஆனால் மற்றவர்களுக்கு உதவும்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது "கழுவிப் பூட்டிய பிறகு" என்ற சொற்கள்தான். தேய்மானம் ஒரே நாளில் வராது. கழுவுவதற்கு முன்பு 60 ஓடிய வண்டி கழுவிய பிறகு 40 ஓடினால், கழற்றிப் பூட்டும்போது ஏதோ மாறியிருக்கிறது. அரை முறுக்கில் ரிச் ஆவதற்கு நான் தேடுகிற இடங்கள் இவை. நீடிலின் தலையில் ஒரு சிறு கிளிப் இருக்கும். நீடிலில் நாலைந்து வெட்டுகள் இருந்தால் கிளிப் ஒரு வெட்டு கீழே மாறியிருக்கலாம். கிளிப் கீழே போனால் நீடில் மேலே ஏறும், பெற்றோல் கூடும். பல 100 சிசி வண்டிகளில் ஒரே வெட்டுத்தான் இருக்கும், அங்கே இது நடக்காது. ஆனால் ஸ்லைடுக்குள் கிளிப்பை அமர்த்துகிற தகடோ ஸ்பிரிங்கோ சரியாக உட்காராவிட்டால் நீடில் மேலெழும்பி நிற்கும், விளைவு ஒன்றுதான். அடுத்து மெயின் ஜெட், அது இறுகாமல் விடப்பட்டிருந்தால் ஓரத்தால் பெற்றோல் ஏறும். கழன்று பவுலுக்குள் விழுந்துகிடக்கவும் கண்டிருக்கிறேன். சோக் பிளஞ்சர் அடிவரை போய் உட்காராமல் இருப்பதும் ஒன்று, அதன் ரப்பர் முகம் வெட்டுப்பட்டிருந்தால் சோக்கை மூடினாலும் மூடாத மாதிரிதான். கடைசியாக ஃப்ளோட், பவுலில் பெற்றோல் மட்டத்தைப் பிடிக்கிற மிதவை. அதன் நாக்குச் சற்று வளைந்தால் பவுலில் மட்டம் உயரும். மட்டம் உயர்ந்தால் எல்லா முறுக்கிலும் ரிச். வண்டியைச் சாய்த்து நிறுத்தும்போது ஓவர்ஃபுளோ குழாயால் பெற்றோல் சொட்டினால் முதலில் ஃப்ளோட்டையும் அதன் ஊசி வால்வையும் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஒயிலையும் ஒரு தரம் மணந்து பாருங்கள். பெற்றோல் வாடை வந்தால் ஒயிலை மாற்றாமல் ஓடவே கூடாது.

கழுவும்போது கிட் என்று புது ஜெட்டுகள் போட்டார்களா என்றும் கேளுங்கள். பழையதைக் கையில் வாங்கி, பித்தளையில் குத்தியிருக்கிற நம்பரைப் புதியதோடு ஒப்பிடுங்கள். நம்பர் ஒன்றாக இருந்தாலும் மலிவுச் சாமானில் துளை ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. பழையது நல்ல நிலையில் இருந்தால் அதையே கழுவிப் போடுவது என் வழக்கம். அப்புறம், ஜெட்டுக்குள் கம்பி விடுகிற பழக்கத்தைப் பற்றி மனம் வருந்தித்தான் சொல்கிறேன். ஜெட் பித்தளை, உருக்குக் கம்பியைவிட மென்மையானது. பிரேக் கேபிள் இழையால் ஒரு குத்து, துளை பெருத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, பெற்றோலில் தெரியும். அப்படிக் கெட்ட ஜெட்டைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். நம் ஊரில் மீன்பிடிக்கிற நைலோன் தங்கூசிக்கு என்ன பஞ்சம்? மெல்லிய தங்கூசித் துண்டை விட்டு, காபரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்தால் போதும். ஜெட்டை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அரை முறுக்கில் ரிச் என்றால் நீடிலும் நீடில் ஜெட்டும் தேய்ந்திருக்கும். ஸ்லைடு ஏறி இறங்க நீடில் உரசி உரசி, வட்டமான துளை முட்டை வடிவாகும். நீடிலை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் மினுங்கித் தட்டையாகி இருப்பது தெரியும். மாற்றினால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் காசுக்குப் பலன் கிடைக்காது.

இப்போதுதான் ஸ்க்ரூ. பத்து நிமிடமாவது ரோட்டில் ஓடிச் சூடேற்றுங்கள், நின்ற இடத்தில் உறுமவிட்டு அல்ல. ஸ்க்ரூவை உள்ளே விரல் பலத்தில் மெதுவாக அமரும்வரை திருகுங்கள். அழுத்தி இறுக்கினால் நுனி உடைந்து துளைக்குள் நின்றுவிடும், அல்லது இருக்கை வெட்டுப்படும், இரண்டில் எதுவானாலும் அந்தக் காபரேட்டர் கெட்டதுதான். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. நீங்கள் கேட்ட எண் இதுதான், ஆனால் இது தொடங்குகிற இடம் மட்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஸ்லோவைக் கொஞ்சம் கூட்டி வைத்து, ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகுங்கள். ஒவ்வொரு தடவையும் சில நொடி பொறுக்க வேண்டும், எஞ்சின் உடனே பதில் சொல்லாது. ஒரு இடத்தில் ஸ்லோ எல்லாவற்றிலும் வேகமாகவும் சீராகவும் ஓடும். அந்த இடத்தைத் தாண்டி இரு பக்கமும் போய், எங்கெங்கே இறங்கத் தொடங்குகிறது என்று பார்த்து நடுவில் நிறுத்துங்கள். அப்புறம் பெரிய தலை ஸ்க்ரூவால் ஸ்லோவைக் குறைத்து, நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில், அணையாமல் சோர்வில்லாமல் ஓடுகிற இடத்துக்குக் கொண்டுவந்து, திரும்பவும் ஒரு தரம் ஸ்க்ரூவைச் சரிபாருங்கள். நல்ல இடம் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் நடுவில் வந்தால் பைலட் ஜெட் சரி. காற்று ஸ்க்ரூ உள்ளே ஒட்டப் போனால்தான் ஓடுகிறது என்றால் பைலட் அடைத்திருக்கிறது அல்லது சிறியது. மூன்று சுற்றுத் திறந்தும் போதவில்லை என்றால் எங்கோ பெற்றோல் கூடுகிறது. எஞ்சின் பக்க ஸ்க்ரூ என்றால் இந்த இரண்டையும் எதிர்மாறாகப் படியுங்கள்.

மெயின் ஜெட்டை உங்கள் வண்டியில் தொட வேண்டிய தேவையே இல்லை. சைலன்சரும் ஏர் கிளீனரும் கம்பனி போட்டபடியே இருந்தால் கம்பனி போட்ட நம்பர்தான். "பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சின்ன மெயின் ஜெட் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். லீன் ஆபத்தாவது ஸ்லோவில் இல்லை, முழு முறுக்கில் பாரத்தோடு ஓடும்போதுதான். நெல் மூட்டையோடு தொடர்ந்து முறுக்கி ஓடினால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும், வெளி வால்வ் கருகும், டூ-ஸ்ட்ரோக் வண்டி என்றால் பிஸ்டன் பிடித்துவிடும். ரிச் பர்ஸைத் தின்னும், லீன் எஞ்சினைத் தின்னும். சந்தேகம் என்றால் சற்று ரிச் பக்கம் நிற்பதே நல்லது. மாரிக்கு ஒரு டியூனிங், கோடைக்கு ஒரு டியூனிங் என்று செய்வதும் நம் பக்கத்துக்குத் தேவையில்லை. 25 பாகைக்கும் 35 பாகைக்கும் காற்றின் அடர்த்தி வித்தியாசம் 3 வீதம் அளவுதான். மலைக்கு ஏறினால் கதை வேறு. செங்கலடியில் இருந்து பதுளை ரோட்டால் ஏறி, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியா வரை போனால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், வண்டி ரிச்சாகி இழுவை குறையும். அதற்காக அங்கே வைத்துத் திருக வேண்டாம். திரும்பக் கீழே வந்தால் அந்தத் திருத்தமே லீனாக முடியும்.

வண்டியைப் பார்க்காமல், சத்தத்தைக் கேட்காமல் எழுதுவதற்கு ஒரு எல்லை உண்டு. அரை முறுக்கில் ரிச் என்பது நீங்கள் எழுதியதை வைத்து நான் வந்த ஊகம். சோக் சோதனை அதற்கு எதிராகச் சொன்னால் சோதனையை நம்புங்கள், என்னை அல்ல. விட்டு விட்டு ஓடுவது நெருப்பு விடுபடுவதாலும் வரும் என்பதால் பிளக் தொப்பியையும் வயரையும் மறக்க வேண்டாம். நான் செய்வதானால் ஏர் கிளீனர், பிளக் தொப்பி, டெப்பட் மூன்றையும் பார்த்துவிட்டு, காபரேட்டரைத் திரும்ப ஒருமுறை கழற்றி நீடில் கிளிப், மெயின் ஜெட், சோக், ஃப்ளோட் என்ற வரிசையில் போவேன். காசு கொடுத்து எதையும் வாங்குவது அதற்குப் பிறகுதான். பெற்றோல் கணக்கையும் வண்டியின் மீற்றர் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். பெற்றோல் விற்கிற செற்றில் டாங்கின் வாய்வரை நிரப்பி, குறைந்தது 100 கிலோமீற்றர் ஓடி, அதே செற்றில் அதே இடத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தித் திரும்ப வாய்வரை நிரப்பினால் போன அளவு தெரியும். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது, சோக்கைப் பாதி இழுத்து ஓடியபோது என்ன நடந்தது, நீடிலில் எத்தனை வெட்டு, ஜெட்டுகளில் என்ன நம்பர் என்று பார்த்து எழுதுங்கள். டேப்பில் குறித்த கோட்டையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மிச்சத்தைப் பார்ப்போம்.